சோறு செய்த குற்றம் என்ன?

"சோற்றை அடியோடு விட்டுவிட்டேன்" என்று பெருமையோடு சொல்லிக்கொள்பவர்கள் இப்பொழுது தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். முன்னெல்லாம் மனிதர்கள் பொடியை விட்டேன், புகையிலையை விட்டேன் என்று சொல்வார்கள், கேட்பவர்களும் மெச்சுவார்கள். இப்பொழுது குற்றவாளிக் கூண்டில் சோறு ஏறி நிற்கிறது. ஒருவர் இருபத்தொரு நாள் பழச்சாறு மட்டும் அருந்துகிறார். ஒருவர் பதினாறு மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு, எட்டு மணி நேரக் கதவு எப்பொழுது திறக்கும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கலியாணம் நிச்சயமான ஒரு பெண் காலையில் வெந்நீரும் எலுமிச்சம்பழமும், பகலில் வெள்ளரிக்காயும், இரவில் கண்ணீருமாகக் காலம் தள்ளுகிறாள். இதற்கெல்லாம் 'டயட்' என்று பெயர். மூன்று வாரம் இந்தத் தவம் நடக்கிறது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டு வாசலில் ஒரு பையன் சைக்கிளை நிறுத்துகிறான். அத்துடன் தவம் கலைகிறது.

இவர்களைப் பரிகாசம் செய்வது நமது நோக்கமன்று. இவர்கள் பயப்படுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தேசமெங்கும் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அதில் கண்டார்கள். வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒருவர்! அப்பாவுக்கு மாத்திரை, பெரியம்மாவுக்கு ஊசி, சித்தப்பாவுக்குக் காலில் ஆறாத புண் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், நாற்பது வயது நெருங்கியதும் கலங்கிப் போகிறார்கள். பயம் வந்துவிட்டால் ஏதாவது பெரிய காரியம் செய்தாக வேண்டும் என்று மனது துடிக்கும். ஆனால் இந்தச் சரீரம் இருக்கிறதே, அது பெரிய காரியங்களை ரசிப்பதேயில்லை.

இதைப் பற்றி ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. இரண்டாவது உலக மகாயுத்தம் முடியும் தறுவாயில், 1944-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்ற விஞ்ஞானி அதை ஆரம்பித்தார். யுத்தத்தில் சிக்கிப் பட்டினி கிடந்த ஐரோப்பிய ஜனங்களுக்கு எப்படி மறுபடியும் ஆகாரம் கொடுத்துத் தேற்றுவது என்று அறிவதே நோக்கம். மனச்சாட்சியின் காரணமாக ஆயுதம் ஏந்த மறுத்த 36 வாலிபர்கள் தாமாகவே முன்வந்தார்கள். திடகாத்திரமானவர்கள், கொள்கைக்காகக் கஷ்டப்படவும் தயாரானவர்கள். ஆறு மாத காலம் அவர்களுக்கு வழக்கத்தில் பாதியளவு ஆகாரமே கொடுக்கப்பட்டது. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. அந்த வாலிபர்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைக்க ஆரம்பித்தார்கள். சமையல் புஸ்தகங்களை நாவலைப் போல் ஆவலுடன் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை வெறுத்தார்கள், படிப்பில் மனம் செல்லவில்லை. பரீட்சை முடிந்து கட்டுப்பாட்டை நீக்கியபோது, வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்கவில்லை என்று சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இழந்த எடை திரும்பி வந்தது. முன்பு இருந்ததைவிட அதிகமான கொழுப்போடு வந்தது.

கொள்கை வீரர்கள் பாடே இதுவென்றால், மூலைக்கு மூலை பேக்கரி இருக்கும் ஊரில் ஆபீஸுக்குப் போய்வரும் சாதாரண கிருஹஸ்தர்கள் பாடு எப்படி இருக்கும்? நாலாவது ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வந்தது மனவுறுதி இல்லாமையால் அன்று. பட்டினி போட்ட உடம்பு தனக்குச் சேர வேண்டிய பாக்கியை வட்டியும் முதலுமாக வசூலித்துக்கொண்டது, அவ்வளவுதான். உணவு விஷயத்தில் காந்தியடிகளைக் காட்டிலும் பிடிவாதமாகப் பரீட்சை செய்தவர் யார்? அவரும் 1929-ஆம் ஆண்டில் சமைக்காத பச்சை ஆகாரத்தையே உண்பதென்று ஆரம்பித்துப் பார்த்தார். உடம்பு ஒப்பவில்லை, கைவிட்டார். கைவிட்டதை ஒளிக்காமல் தம் பத்திரிகையிலும் தெரிவித்தார். பட்டினியைப் பிரசாரம் செய்யும் இன்றைய கைபேசி மகான்களிடம் இந்தக் கடைசிக் குணத்தை மட்டும் காண முடியவில்லை.

சோற்றின் மீதுள்ள வழக்குக்கு வருவோம். இந்த வழக்கு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நம் தமிழ்நாட்டு மலையொன்றிலேயே தொடங்கியது. நீலகிரியில் குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் ஸர் ராபர்ட் மக்காரிஸன் என்ற டாக்டர் பெரிபெரி வியாதியை ஆராய்வதற்காக ஒரு சிறு பரிசோதனைச் சாலை அமைத்தார். அந்தச் சாலைதான் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய போஷாக்கு ஸ்தாபனமாக விளங்குகிறது. மக்காரிஸன் குன்னூரில் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். ஒரே மாதிரியான எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாபி சீக்கியரின் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியருடையது, ஒன்றுக்கு வங்காளியருடையது, ஒன்றுக்கு மதராஸியினுடையது என்று இந்தியாவின் பல பிரதேச ஆகாரங்களையும் போட்டு வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டியும், பாலும், பருப்பும், பச்சைக் காய்கறியும் தின்ற சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று முதல் பரிசு பெற்றன. தீட்டி, அலசிய அரிசியையே பெரும்பாலும் தின்ற நம்முடைய மதராஸி எலிகள் எடையில் கடைசி. மானம் போயிற்று!

ஆனால் தீர்ப்பைச் சரியாக வாசிக்க வேண்டும். எலிகள் மெலிந்தது சோறு தின்றதனால் அன்று. சோறு மட்டும் ஏராளமாக இருந்து, அதனுடன் வர வேண்டியவை சொற்பமாக இருந்ததனால். அந்தச் சோற்றிலும் உள்ள சத்தை நாமே போக்கடித்திருந்தோம். நெல்லின் தவிட்டில் தயாமின் என்ற உயிர்ச்சத்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் பெரிபெரி வரும். காலும் நரம்பும் ஓய்ந்துபோகும். யந்திரத்தில் போட்டு வெள்ளை வெளேரென்று தீட்டும்போது அந்தச் சத்து தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடுகிறது. எஞ்சியதில் பாதி அரிசியைப் பலமுறை கழுவும் தண்ணீரோடும், வடிக்கும் கஞ்சியோடும் போகிறது. இதில் நம்முடைய பாட்டிமார்களின் கெட்டிக்காரத்தனம் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நெல்லை ஊறவைத்து வேகவைத்துப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளேயே இறங்கிக்கொள்ளுகிறது. ஆகையினால் புழுங்கலரிசி உண்டவர்களிடையே பெரிபெரி அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் அது பரவியிருந்தது. புழுங்கலரிசி மட்டம், பச்சரிசி உயர்வு என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது கௌரவத்தைப் பற்றிய அபிப்பிராயம். ஆகாரத்தைப் பற்றியது அன்று. தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா 1934-இல் ஏற்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மூலம் கைக்குத்தலரிசிக்காகப் பாடுபட்டது கிராமத்தாரின் பிழைப்புக்காக மட்டும் அன்று, பட்டணத்தாரின் வயிற்றுக்காகவுந்தான்.

இங்கே நேயர்களில் சிலர், "அப்படியானால் அரிசியை ஒழித்துவிட்டு வரகு, சாமை, தினைக்கு மாறிவிடுகிறோம்" என்று புறப்படுவார்கள். மாறலாம், நல்ல தானியங்கள், நம்முடையவை. ஆனால் குவியல் அதே குவியலாக இருந்தால் பெரிய லாபமில்லை. முன் சொன்ன கணக்கெடுப்புக்காரர்களே 2025-இல் மற்றொரு முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். இந்தியர்கள் உண்ணும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக்கொள்வதனால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களுக்கு அபாயம் குறைவாயிருந்தது. நூற்றுக்கு ஐந்து பங்கு மாற்றமே போதுமாம்! சோற்றை விட வேண்டியதில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு நகர வேண்டும்? ஹைதராபாத் ஸ்தாபனத்தார் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளில், அதிக உடலுழைப்பில்லாத ஒருவருக்கு 2,000 கலோரி கணக்கில் ஒரு நாளைய தட்டை வரைந்து காட்டியிருக்கிறார்கள். தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். பருப்பு, பயறு 85 கிராம். கீரையும் காய்கறியும் 400 கிராம். பழம் 100 கிராம். பாலோ தயிரோ 300 மில்லி லிட்டர். கடலை, எள் முதலிய கொட்டை வகை 35 கிராம். எண்ணெய், நெய் 27 கிராம். வேகவைப்பதற்கு முந்தின எடை இது. தானியம் 250 கிராம் என்றால் காலை இட்லிக்குப் போட்ட அரிசியும் மத்தியானச் சோறும் இரவுச் சப்பாத்தியும் எல்லாம் அதற்குள் அடக்கம்.

நாம் கணக்கு வாத்தியார் ஆகையால் இதை மாத ஜாபிதாவாக மாற்றிப் பார்க்கிறோம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்குத் தானியம் மாதம் 30 கிலோ. இதை எல்லா வீடுகளும் சுலபமாகத் தாண்டிவிடும். பருப்பு, பயறு 10 கிலோவுக்குச் சற்று மேல். இங்கேதான் பென்சில் தயங்குகிறது. துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் பாதி தேறும் வீடுகள் எத்தனை? முட்டையும் மீனும் உண்ணுகிறவர்கள் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடு செய்துகொள்ளலாம். மற்றவர்கள் சுண்டலையும் தயிரையும் நம்ப வேண்டியதுதான். காய்கறி, கீரை நாள் ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல்! "காய்க்கு இவ்வளவு பணம் எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குளிர்பெட்டியிலே வைத்து விற்கும் சீமைக் காய்களை நாம் சொல்லவில்லை. பூசணி, சுரை, முள்ளங்கி, வாழைத்தண்டு, அவரை, முருங்கைக்கீரை ஆகியவற்றில் எது மலிவோ அது. உருளைக்கிழங்கைக் காய்கறிப் பக்கத்தில் வரவு வைப்பதை மட்டும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அது சோற்றின் பங்காளி.

இனி, பரிமாறுகிற முறை. நமது வழக்கத்தில் இலையின் ஓரத்தில் காக்கைக்கு வைத்தது போல் ஒரு கரண்டிக் கறி, நடுவில் மலை. குழம்புக்கு ஒரு மலை, ரசத்துக்கு ஒரு மலை, மோருக்கு ஒரு மலை. நாம் யோசனை சொல்வது சுலபமானது. முதலில் ஒரு கிண்ணம் கூட்டோ பொரியலோ வைத்து அதைப் பாதியளவாவது உண்டுவிட்டு, பிறகு சோற்றுக்கு வரலாம். பசி வேகத்தில் எது முதலில் வாயில் விழுகிறதோ அதுவே அதிகமாகச் செல்லும். சோற்றுக் கரண்டியும் கறிக் கரண்டியும் இடம் மாறினால், அதாவது பெரிய கரண்டியைக் கூட்டுப் பாத்திரத்திலும் சிறிய கரண்டியை அன்ன வட்டிலிலும் போட்டுவிட்டால், பாதி உபதேசம் மிச்சம். சாம்பாரில் தண்ணீர் குறைந்து பருப்பும் தானும் சற்று அதிகமாகட்டும். இரவுச் சாப்பாட்டை ஒன்பதரை மணித் தொலைக்காட்சித் தொடருக்கு நைவேத்தியமாக வைக்காமல், எட்டு மணிக்கு முன் முடித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் ஒரு மாற்றம் போதும். அது பழகிப் போய், யோசிக்காமலே நடக்கும்போது அடுத்ததைப் பார்க்கலாம்.

கரண்டியை மாற்றச் சொல்வது சுலபம். கரண்டியைப் பிடிப்பவர் யார்? இந்த விஷயத்தை உணவு நிபுணர்கள் வெகு லேசாகத் தாண்டிவிடுகிறார்கள். ஒன்றரைக் கிலோ காயை நறுக்குவதும் கீரையை ஆய்வதும் யாருடைய காரியம்? ஐயா 'டயட்' ஆரம்பித்தால் அம்மாவுக்கு அடுப்பு இரண்டாகிறது: அவருக்குத் தினைப் பொங்கல், குழந்தைகளுக்குத் தோசை. மூன்றாவது வாரத்தில் முறிவது அவருடைய உறுதி மட்டும் அன்று, அவளுடைய முதுகும்கூட. ஆகையால் ஒரு வீட்டில் ஆகாரத்தைச் சீர்திருத்துவதென்றால் எல்லோருக்கும் ஒரே சமையல் என்பது முதல் விதியாக வேண்டும். காய் நறுக்குவது ஆண்பிள்ளைகளின் முறை என்பது இரண்டாவது. இரவு செய்தி கேட்டுக்கொண்டே ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்துவிடலாம். அதனால் செய்தி கெட்டுப்போவதில்லை.

அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. கூட்டைப் பெரிய கரண்டியால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் உட்காருகிறவளுக்கு எஞ்சுவது என்ன? சோறு எப்பொழுதும் மிஞ்சும். காய் ஒருபோதும் மிஞ்சாது. குன்னூரின் மதராஸி எலி இன்றைக்கும் நம் வீட்டுச் சமையலறையில் கடைசியாகத் தட்டெடுத்துக்கொண்டுதான் உட்காருகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 வயது முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, யாரைக் கண்டாலும் கோபம் வருகிறது என்றால் 'வயதாகிவிட்டது' என்று தாமே சமாதானம் சொல்லிக்கொள்ளும் ஸ்திரீகள் முதலில் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளட்டும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதாகச் சேராது. ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டாலோ, ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலோ கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பியோ தேநீரோ குடித்தால் அந்தச் சேர்க்கைக்குத் தடை. காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம். விட்டுவிடச் சொல்ல நமக்குத் தைரியமில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் காண்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் காமராஜர் 1956-இல் ஏழைக் குழந்தைகளுக்கு மத்தியான உணவுத் திட்டத்தை ஆரம்பித்தார், 1982-இல் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டமும் தொடங்கிற்று. வெறும் வயிற்றில் பாடம் ஏறாது என்பதை ராஜ்யமே ஒப்புக்கொண்டு அடுப்பு மூட்டியிருக்கிறது. அதே காலத்தில், வசதியுள்ள வீட்டுப் பெண் குழந்தைகள் ஒன்பதாம் வகுப்பிலேயே காலை ஆகாரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு வருகிறார்கள்! காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்த குழந்தையைத் தூக்கி உட்காரவைத்து விசாரித்தால், தோழி ஒருத்தி 'குண்டு' என்று சொன்னாளாம். சில சமயம் தோழி அல்ல, அத்தை. வளர்கிற பெண்ணை, அதுவும் மாதந்தோறும் ரத்தம் இழக்கிற வயதில், பட்டினிக்கு ஏவுவது போன்ற கொடுமை வேறில்லை. வீட்டுக்கு வருகிற உறவினர்கள் குழந்தையின் மார்க்கை விசாரிக்கட்டும், இடுப்பளவை விட்டுவிடட்டும்.

உப்பு, சர்க்கரை, எண்ணெய் மூன்றையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். ஏனெனில் நாவின் மீது சத்தியாக்கிரகம் செய்வதைவிட மளிகைச் சீட்டில் பேனாவை வைப்பது எளிது. உலக சுகாதார ஸ்தாபனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. நாலு பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாயும் அப்பளமும் கடை மிக்ஸரும் கொண்டுவரும் உப்பு இதற்குள் அடங்க வேண்டும். எண்ணெயும் நெய்யும் சேர்ந்து மூன்றரை லிட்டர். சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது உத்தமம். அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. இரண்டு கரண்டி போட்டு மூன்று வேளை காப்பி குடிப்பவர் பிஸ்கோத்துக்கு வாய் திறக்குமுன்பே கணக்கை முடித்துவிடுகிறார். வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறைத்துவந்தால் நாக்குக்குத் தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

கலியாண வீட்டிலும் தீபாவளியிலும் என்ன செய்வது என்று சில நேயர்கள் கேட்பார்கள். சாப்பிடுங்கள்! பாயசத்தை ரசித்துச் சாப்பிடுங்கள். வருஷத்தில் பத்துப் பதினைந்து பண்டிகை இலைகள் ஒருவரையும் கெடுத்ததில்லை. மீதி முந்நூற்றைம்பது நாள் இலைகளைப் பற்றித்தான் நமக்குக் கவலை. விருந்துக்கு மறுநாள் பிராயச்சித்தமாகப் பட்டினி கிடப்பதும் வேண்டாம். வழக்கமான கூட்டும் சோறுமே போதும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ உபயோகிப்பவர்கள் மட்டும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைக் குறைத்துவிட வேண்டாம். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குத் தக்கபடி நிர்ணயிக்கப்பட்டது. சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, நினைவு தவறவும் கூடும். வைத்தியரிடம் சொல்லி இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பருப்பைக் கூட்டுவதற்கு முன் அவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நல்லெண்ணெயா, கடலையெண்ணெயா, தேங்காயெண்ணெயா என்ற பழைய சண்டையை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறோம்.